அடிக்கடலிலிருந்து ஒரு பிடி மண்

அம்மாவோடு மல்லுக்கட்டி எனக்கு நாக்கு வறண்டுபோய்விட்டது. கல்லிலும் நார் உரிக்கலாம், என்னைப் பெற்ற சூசையம்மாவின் வாயில் ஒரு கரண்டி கஞ்சி வைக்க முடியாது. என் தம்பி துசியந்தன் போன மாரியில் படகோடு கடலுக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அம்மா மீனைத் தொடவில்லை. "அது அவனைத் திண்டிருக்கும்" என்றார். சரி என்று விட்டோம். பிறகு சோற்றையும் விட்டார். இப்போது வெறும் தேத்தண்ணீர்தான். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இப்படியே போனால் கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் முல்லைத்தீவுக் கரையில் ஒரு வழக்கம். கடல் ஆளைக் கொண்டுபோனால் எதையாவது திருப்பித் தரவேண்டும். துடுப்போ, சேட்டோ, மிதவையோ ஏதோ ஒன்று. அதைப் பெட்டியில் வைத்துச் சேமக்காலையில் குழி வெட்டித் தாட்டு, பூசை வைத்த பிறகுதான் பெற்றவள் எழும்பி அடுப்பு மூட்டுவாள். துசியின் விஷயத்தில் அந்தக் கோதாரிக் கடல் ஒரு கயிற்றுத் துண்டைக்கூடத் தரவில்லை. பங்குச் சுவாமி வீடு தேடி வந்து, பெட்டி இல்லாமலே பூசை வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். "குழியில தாக்கிறதுக்கு ஒண்டுமில்லாமல் என்ன பூசை சுவாமி?" என்று அம்மா அவரை அனுப்பிவிட்டார்.

நான் படித்தது கடலடி எரிமலை ஊற்றுகளைப் பற்றி. எங்கள் ஆய்வுக் கப்பல் அப்போது இந்து சமுத்திரத்தின் நடுவில் நின்றது. நானும் அதில் போயிருக்க வேண்டியவள். அம்மாவை விட்டுப் போக முடியாமல், குசினி மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, அவர்கள் கீழே இறக்கிய ரோபோவின் கமராவைப் பார்த்து, எதை எடுப்பது என்று வீட்டிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"என்னடி பிள்ளை, அங்க ஆர் அடுப்பு மூட்டினது?"

திரையில் பனையளவு உயரமான கல் புகைபோக்கி ஒன்று கறுப்பாகக் கக்கிக்கொண்டு நின்றது. புகையில்லை அம்மா, தண்ணீர் என்றேன். கடல்நீர் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழேயுள்ள நெருப்புக் குழம்பின் சூட்டில் இரும்பையும் செம்பையும் கரைத்துக்கொண்டு திரும்பி மேலே வரும். குளிர்ந்த நீர் பட்டதும் கரைந்ததெல்லாம் கரித்தூள் போல உதிரும். உதிர்ந்தது படிந்து படிந்துதான் அந்தப் புகைபோக்கி. சூரியன் எட்டாத இடம், ஒரு புல் பூண்டு கிடையாது என்றும் சொன்னேன். ஆனாலும் அந்தச் சூட்டோடு ஒட்டிக்கொண்டு கண்ணில்லாத இறால்கள் மொய்த்தன. அடியில் நான் தேடிக்கொண்டிருந்த நத்தை, காலில் இரும்புச் செதில் போட்டது, கூட்டமாகக் கிடந்தது. நாலு வருடமாக இதற்குத்தான் காத்திருந்தேன்.

"துசி போன கடலும் இவ்வளவு ஆழமோ?"

"இதைவிட ஆழம்." ஏன்தான் சொன்னேனோ. என் வாய்க்குப் பூட்டு இல்லை.

அம்மா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். "அந்த மெசினை ஒருக்கா அங்கால திருப்பச் சொல்லு. அவனைப் பாப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மா, விசர்க்கதை கதைக்காதேங்கோ. இது எங்கேயோ கிடக்கிற கடல். துசி போனது எங்கட கடல்."

"கடலுக்கு நடுவில ஆரும் வேலி போட்டிருக்கினமோ?"

அந்த நேரம் பார்த்துக் கப்பலிலிருந்து குரல் வந்தது. காற்று எழும்புகிறது, ரோபோவை மேலே எடுக்கப் போகிறோம், இன்னும் ஒன்றே ஒன்று எடுக்கலாம், நத்தைதானே என்று கேட்டார்கள்.

அம்மா என் கையைப் பிடித்தார். எலும்புதான் பிடித்தது. "அந்த மண்ணில ஒரு பிடி அள்ளச் சொல்லு பிள்ளை. கடல் தராட்டி நாங்கள் எடுப்பம். அதைத் தாட்டிட்டு நான் சாப்பிடுறன்."

நத்தையைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். மண் என்று சொல்லிவிட்டேன். கப்பலில் இருந்தவர் நம்பாமல் இரண்டாம் முறையும் கேட்டார். மண்தான் என்று கத்தினேன். ரோபோவின் கை ஒரு குழாயைக் கறுத்த சேற்றில் குத்தி இழுத்ததை அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். விடிந்ததும் தச்சனுக்குச் சொல்லி அனுப்பினார், ஒரு சின்னப் பெட்டி போதுமென்று.

மத்தியானம் கப்பலிலிருந்து செய்தி வந்தது. மேலே வரும் வழியில் குழாயின் மூடி கழன்று, சேறு முழுவதும் கடலிலேயே கொட்டுண்டுவிட்டதாம். கிணற்றடியில் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். குழாய் வெறுமை என்று நான் சொல்லும் நிமிடத்தில் அந்தக் கஞ்சியும் நின்றுவிடும். பிறகு பெட்டி அம்மாவுக்குத்தான்.

அம்மா ஒவ்வொரு நாளும் கேட்டார். "கப்பல் கொழும்புக்கு வந்திட்டுதோ?" வருகுது, வருகுது என்று சமாளித்தேன். பெட்டி வந்து கூடத்தில் இருந்தது. கடைசியில் ஒரு ஜாம் போத்தலை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வட்டுவாகல் பாலத்தடிக்குப் போனேன். நந்திக்கடல் களப்பின் ஓரச் சேறும் கறுப்புத்தான். எரிமலை ஊற்றுச் சேற்றைப் போலவே அதுவும் கூழ்முட்டை மணக்கும். கையை முழங்கை வரை விட்டு அள்ளினேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

"பார்சல் வந்திட்டுதம்மா."

அம்மா மூடியைத் திறந்து மணந்தார். ஒரு துளியை எடுத்து இரண்டு விரலால் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதற்குள்ளிருந்து மயிர் போல ஒன்றை இழுத்து என் முன்னால் பிடித்தார். புல் வேர்.

"சூரியன் எட்டாத இடத்தில ஏது பிள்ளை புல்லு?" குரலில் கோபமே இல்லை. "இது வட்டுவாகல் சேறு. இதுக்குள்ள நிண்டு இறால் தடவிப் பிடிச்சுத்தானே உன்னைப் படிப்பிச்சனான்."

"வேற என்ன செய்யச் சொல்லுறீங்கள்?" எனக்கு அழுகை வெடித்துவிட்டது. "குழாய் வெறுமையா வந்திட்டுது அம்மா. ஒண்டும் வரேல்லை. நீங்களும் செத்துப்போனா நான் ஆரோட இருக்கிறது?"

அம்மா போத்தலை மூடினார், திறந்தார், திரும்பவும் மணந்தார். சேறு பட்ட கையைத் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். நான் போத்தலை வாங்கி வெளியே கொட்டக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"கொட்டாதை. இதுக்குள்ளயும் எத்தினை பிள்ளையள் கிடக்கினம். சண்டையின்ர கடைசி நாளில இதால நடந்துவந்த ஆக்கள்தானே நாங்கள். அவையளுக்கு ஒருத்தரும் பெட்டி அடிக்கேல்லை."

எழும்பினார். என்னைப் பிடிக்க விடவில்லை. கூடத்துக்குப் போய்ப் போத்தலைத் தானே பெட்டிக்குள் வைத்தார்.

"நாளைக்குப் பூசை வைக்கச் சொல்லு. சுவாமியிட்டச் சொல்லு, தம்பியின்ர பேரோட நிப்பாட்ட வேண்டாமெண்டு."