இருபத்தாறு காய்ச்சல்

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மைநூ சாவு மண்டபத்துல இருக்கணும். மாவோ அண்ணி ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க," என்றார் நெங் லோர்.

மகள் மைநூ தட்டைப் பார்த்தபடியே இருந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் பரீட்சைப்பா."

"பரீட்சை வருஷா வருஷம் வரும். பெரியப்பா ஒரு தடவதான் சாவாரு."

செத்துப்போன நெங்கின் பெரியப்பா லேசுப்பட்டவர் இல்லை. போருக்குத் தப்பி, ஏழு வயது நெங்கை முதுகில் கட்டிக்கொண்டு இரவோடு இரவாக மெக்கோங் ஆற்றை நீந்திக் கடந்தவர். அந்த முதுகு இல்லையென்றால் நெங் இல்லை, அகதியாக வந்து சேர்ந்த இந்த ஃப்ரெஸ்னோ வீடு இல்லை, மைநூவும் இல்லை. சூவா கணவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுந்து பாத்திரங்களை எடுத்தாள்.

அன்று காலையில்தான் அவளை மைநூவின் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மொழிபெயர்க்க மூத்தவன் கோங்மெங்கைக் கூட்டிப் போனாள். அவன் போன வருஷமே உள்ளூர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டவன். அவனும் ஒன்றும் பெரிய புலி இல்லை. மதிப்பெண் சராசரி நாலுக்கு மூன்றைத் தொட்டிருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

ஆலோசகர் திருமதி அகிலார் நல்ல மனுஷி. மைநூவின் மதிப்பெண் தாளை மேசையில் விரித்தார். நாலுக்கு இரண்டு புள்ளி ஆறு.

"இந்த சராசரிக்கு அதே பல்கலைக்கழகத்துல இடம் கிடைக்குமான்னு கேட்டா, உள்ளூர்ப் பிள்ளைங்கிறதால நூத்துக்கு அறுபது சொல்லலாம்," என்றார். "ஆனா வேதியியல்ல டி கிரேடு இருக்கு. அது சி ஆகணும். இல்லேன்னா விண்ணப்பத்தை எடுத்துக்கூடப் பார்க்க மாட்டாங்க. நாளைக்கு, வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு மறுதேர்வு. இந்த மாசத்தோட விண்ணப்பம் முடியுது. இன்னொரு தேதி கிடையாது."

கோங்மெங் சொல்லச் சொல்லச் சூவா தலையாட்டினாள். பிறகு திருமதி அகிலார் இன்னொரு தாளை எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஏதோ கேட்டார். கோங்மெங் மொழிபெயர்க்காமல் அந்தத் தாளை இழுத்துப் பார்த்தான்.

"என்னடா சொல்றாங்க?"

"ரெண்டரை வருஷத்துல இருபத்தாறு நாள் லீவாம்மா. எல்லாம் வெள்ளி, இல்லேன்னா திங்கள். எல்லாத்துக்கும் காய்ச்சல்னு எழுதியிருக்கு. ரத்தத்துல ஏதாவது கோளாறான்னு கேக்கறாங்க. டாக்டர் கடுதாசி இருந்தா, அதை வெச்சு இவங்களே பல்கலைக்கழகத்துக்கு எழுதுவாங்களாம்."

சூவாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இங்கிலீஷில் அவள் தடுமாறாமல் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். 'மகளுக்குக் காய்ச்சல், இன்று வரமாட்டாள்.' ஒவ்வொரு சாவுக்கும் காலையில் பள்ளிக்குப் போன் போட்டு அதைச் சொன்னது அவள்தான்.

இவர்களுடைய ஹ்மோங் இனத்தில் ஒரு சாவு மூன்று நாள், நான்கு நாள் நடக்கும். வெள்ளியில் தொடங்கித் திங்களில் புதைப்பார்கள். குழலும் மேளமும் ஓயாது. முந்நூறு பேருக்கு அடுப்பு அணையாது. அந்த அடுப்புக்கு லோர் குலத்துப் பெண்கள் எல்லோரும் போக வேண்டும். ஆண்பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தால் போதும். மைநூ பதினைந்து வயதிலேயே தனியாளாக மாட்டிறைச்சி வேகவைப்பாள். "யாரு பெத்த பொண்ணு இது?" என்று கேட்பார்கள், சூவாவும் பூரித்துப்போவாள். மகள் என்றால் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் என்று இந்த ஆட்களிடம் ஒரு சொல் உண்டு. எந்த ஊரில்தான் இல்லை? இன்னொரு வீட்டுக்குப் போகிறவளுக்குச் சமையல் தெரிந்தால் போதாதா?

திரும்பும் வழியில் கோங்மெங் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னான். "எனக்கு ஒரு நாள்கூட லீவு போட விட்டதில்லையேம்மா நீ."

அவன் குத்திக்காட்டவில்லை. அப்போதுதான் அவனுக்கே அது தோன்றியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே நெங் போய்விட்டார். சூவா மகளை எழுப்பினாள். மைநூ சமையலுக்கான பழைய சட்டையை எடுத்து மாட்டினாள். சூவா அந்தச் சட்டையின் கையைப் பிடித்தாள்.

"அதைக் கழட்டு. பள்ளிக்கூடத்துக்குப் போற சட்டையப் போடு. அண்ணன் கொண்டுபோய் விடுவான்."

"அப்பா?"

"அப்பாவ நான் பாத்துக்கறேன். நீ பேனாவ எடு."

சாவு மண்டபத்தின் சமையல்கட்டில் மூத்த ஓரகத்தி மாவோ கரண்டியோடு நின்றாள்.

"எங்கடி மைநூ?"

"காய்ச்சல்க்கா." வாய்க்குப் பழகிய பொய், நா தடுமாறவேயில்லை.

"நேத்து சாயங்காலம் மார்க்கெட்டுல எலுமிச்சைப்புல் வித்துக்கிட்டு நல்லாத்தானே இருந்தா?"

"முறைக்காய்ச்சல். விட்டு விட்டு வரும்."

"இப்படி நோஞ்சானா இருந்தா எவன் வீட்டுக்கு மருமகளா எடுப்பான்?" என்றாள் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள். தண்ணீர் குடிக்க வந்த நெங் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். எந்தக் காய்ச்சல் என்று அவருக்குத் தெரியாதா? மனைவியை ஒருமுறை பார்த்தார். தண்ணீரைக் குடிக்காமலே பெரியப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சூவா இரண்டு ஆள் வேலை பார்த்தாள். மணி ஒன்பதானபோது கை தானாக நின்றது. வினாத்தாள் கொடுத்திருப்பார்கள். சி வரட்டும், சி வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் மகளுக்காக அவள் சொன்ன ஒரே பொய் இதுதான்.

"ஒரு கை குறையுதே," என்றாள் மாவோ. கதவுப் பக்கம் திரும்பினாள். "ஏய் பாஸீ, இங்க வாடி."

மாவோவின் பேத்தி வந்தாள். பதிமூன்று வயது. பாட்டியை இறக்கிவிட வந்த வண்டியிலேயே பள்ளிக்குப் போகவேண்டியவள், அதைத் தவறவிட்டு நின்றுகொண்டிருந்தாள். முதுகில் பை.

"அந்தப் பைய மூலையில வை. மைநூ வேலைய நீ பாரு."

மாவோ கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். மறுமுனை எடுத்ததும் இங்கிலீஷில் சொன்னாள். சூவா சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே வாக்கியம்தான். 'மகள்' இருந்த இடத்தில் 'பேத்தி', மற்றபடி ஒரு சொல்கூட மாறவில்லை.

சூவாவுக்கு எழுந்து அந்தப் போனைப் பிடுங்க வேண்டும்போல் இருந்தது. பிடுங்கிவிட்டு என்ன சொல்வது? சொன்னால் மைநூவின் காய்ச்சலும் வெளியே வரும். அவள் எழவில்லை.

பாஸீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கத்திக்குக் கை சின்னது.

"சின்னப் பாட்டி, எவ்ளோ பொடிசா நறுக்கணும்?"

சூவா ஒரு கத்தை வெங்காயத்தாளை எடுத்து நறுக்கிக் காட்டினாள்.