நான்கு நாளில் அறுபது வருஷம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஸ்கூட்டரில் விழுந்த ஒடுக்கை எடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. நீலசந்திராவில் தனக்கோடியின் பெயிண்ட் ஷெட். ஒரு புத்தம்புது சைக்கிள் ஃபிரேமின் மேல் அவர் கல் உப்பைத் தூவிக்கொண்டிருந்தார். ஊறுகாய் போடுகிறாரா என்று கேட்டேன்.

"வயசு போடறேன் சார்" என்றார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். மீதியில் பாதி அவர் சொன்னது, பாதி நான் சுரண்டி ஒப்பேற்றியது. எது எதுவென்று கேட்காதீர்கள்.

முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்: "நீலசந்திராவின் சந்தில் மாலை வெயில் மஞ்சளாகச் சாய்ந்தபோது, தனக்கோடி தன்…"

(அந்தச் சந்தில் வெயில் விழாது. நாலு மாடிக்குத் துணி காய்கிறது.)

2

தனக்கோடிக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருஷமாக அவருடைய தொழில், நடந்ததை நடக்காததாக ஆக்குவது. பஸ் உரசிய கார், மாமனார் இடித்த பைக், எல்லாம் அவர் ஷெட்டிலிருந்து ஒன்றும் அறியாத முகத்தோடு வெளியே போகும். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து லாயிட் என்பவன் வந்து, நடக்காததை நடந்ததாக ஆக்கிக் கொடுக்கச் சொன்னபோது, அவருக்குக் கொஞ்சம் கோபமும் நிறைய ஆசையும் வந்தது.

லாயிட்டின் சங்கதி இது. தாயில்லாத அவனை வளர்த்தவர் மௌரீன் அத்தை. மகளோடு இருக்க அவர் கடல் கடந்து பெர்த்துக்குப் போனபோது, தன் அப்பா ஞானசேகரனின் பச்சை சைக்கிளை இவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அது எப்போதும் போர்வைக்குள் இருக்கும். தூக்கிப் பார்க்க யாருக்கும் அனுமதியில்லை. வீடு மாறிய அவசரத்தில் லாயிட் அதைப் போர்வையோடு பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டான். அதன்பின் ஒன்பது கிறிஸ்துமஸ்களாக, போனில் "சைக்கிள் நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லிவந்தான். இந்தச் சனிக்கிழமை அத்தை நேரில் வருகிறார்.

"தெரிஞ்சா திட்ட மாட்டாங்க தனக்கோடி. பேசவே மாட்டாங்க. அதான் பயம்" என்றான்.

(உண்மையைச் சொல்லித் தொலைக்கலாமே என்பீர்கள். சொன்னால் கதை இந்த அடைப்புக்குறியோடு முடிந்துவிடும். ஆகவே அவன் சொல்லவில்லை.)

3

சக்கரம், ஹேண்டில், சீட் எல்லாம் சிவாஜிநகரில் பழையதாகவே கிடைத்தன. ஃபிரேம் மட்டும்தான் புதுசு. முதலில் துரு நிறத்தில் ஒரு பூச்சு. அதன்மேல் அங்கங்கே மெழுகுவத்தியைத் தேய்த்து, அதற்கும் மேல் பாட்டில் பச்சை. மெழுகு இருக்கும் இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. காய்ந்தபின் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உரியும். உப்பு விழுந்த இடம் அம்மைத் தழும்பாகும். எப்படி என்பது தனக்கோடிக்கு அரை நாளில் பிடிபட்டுவிட்டது. எங்கே என்பதில்தான் மாட்டிக்கொண்டார்.

"ஓட்னவரு குட்டையா, ஒசரமா? செவுத்துல எந்தப் பக்கம் சாய்ப்பாரு? பார்ல புள்ளைங்கள உக்கார வெப்பாரா?"

தாத்தா போனபோது லாயிட்டுக்கு மூன்று வயது. எங்கேயாவது சுரண்டச் சொன்னான்.

"எங்கியாவதுன்னா எப்டி சார்? ஆளு தெரியாம எங்க தேயும்?"*

அறுபது வருஷத்துச் சைக்கிள் பழசாகத்தானே இருந்திருக்கும் என்று லாயிட் ஒரு தாத்தாவை உண்டாக்கினான். உயரம், முன்கோபம், பேக்கரிச் சுவரில் தடாலென்று சாய்க்கிற பழக்கம், ஹேண்டிலில் பால் கேன், துடைப்பதே கிடையாது. தனக்கோடி அந்த மனிதரை வலப்பக்கக் கீறல்களாகவும், கேன் இடித்த தழும்பாகவும் ஃபிரேமில் ஏற்றினார். நாலாம் நாள் அந்தப் பக்கம் வந்த பக்கத்துக் கடை முனியப்பன், இந்தக் குப்பையை இன்னும் எடைக்குப் போடவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். தனக்கோடி வாழ்க்கையில் அப்படி ஒரு பாராட்டு வாங்கியதில்லை.

* கதை எழுதுவதைப் பற்றி நான் வாசித்த தடித்த புத்தகங்கள் எதிலும் இவ்வளவு சுருக்கமாக இது இல்லை.

4

நான் வைத்திருந்த முடிவு: அத்தை சைக்கிளைத் தடவி அழுகிறார். லாயிட்டும் அழுகிறான். சில சமயம் பொய்யும் ஒருவகை…

(விட்டுவிட்டேன். அந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.)

நடந்தது வேறு. திங்கள் காலை ஷெட் வாசலில் ஒரு கூட்ஸ் ஆட்டோ நின்றது. வெள்ளை ஷூ போட்ட எழுபத்தாறு வயது அம்மாள் ஒருவர் இறங்கினார். பின்னால் சைக்கிளோடு லாயிட். தன்னைத் தெரியாத மாதிரி இருக்கும்படி தனக்கோடியிடம் கண்ணாலேயே கெஞ்சினான்.

"நீங்கதானே பெயிண்டர்? இத பாருங்க" என்றார் மௌரீன் அத்தை. "எங்க டாடி சாட்டர்டே சாட்டர்டே தேங்கா எண்ண போட்டுத் தொடப்பாரு. மழ வந்தா அவரு நனைவாரு, சைக்கிளுக்கு ரெயின்கோட் போடுவாரு. ஒரு கீறல் கெடையாது. இவன் கைல குடுத்தேன், எரும மாதிரி வச்சிருக்கான்."

தனக்கோடிக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒவ்வொரு தழும்பையும் அந்த அம்மாள் நம்பியிருக்கிறார். வலப்பக்கக் கீறலைத் தொட்டு, இது எப்படி ஆனது என்று அவர் லாயிட்டைக் கேட்டார்.

"பேக்கரில சாய்ச்சேன் அத்தை" என்றான். அவன் உண்டாக்கிய தாத்தாவாக அவனே ஆகிவிட்டிருந்தான்.

"எல்லாத்தையும் தேச்சு எடுத்துட்டுப் புதுசா அடிங்க. ஹேண்டிலுக்குக் கீழ மட்டும் பாத்து. டாடி அங்க தன் பேர ஜி.எஸ்.னு இரும்புலயே குத்தி வச்சிருக்காரு. அது தெரியணும். நான் இங்கயே உக்காந்திருக்கேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

5

முடிவு அ: அத்தை டீ குடிக்கப் போன நேரத்தில், புது ஃபிரேமில் இல்லாத அந்த இரண்டெழுத்தைத் தனக்கோடி குத்திவிடுகிறார். (அத்தை வெளியில் டீ குடிப்பதில்லை.)

முடிவு ஆ: உப்புத்தாள் கிழிகிறது, மழை வருகிறது, கரண்ட் போகிறது. (தேய்க்கக் கரண்ட் எதற்கு?)

முடிவு இ: லாயிட் வாயைத் திறந்து…

தனக்கோடி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தார். லாயிட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு, ஹேண்டிலிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, தன் வாழ்நாளின் நல்ல வேலையை மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார். அந்த வேகத்தில் முன்பக்கம் வந்துசேர மத்தியானம் ஆகும். லாயிட்டுக்கு அதுவரைக்கும்தான் அவரால் அவகாசம் தர முடியும்.

லாயிட்டுக்கு நான் வசனம் எழுதித் தரப்போவதில்லை. ஆளை இப்போது உங்களுக்குத் தெரியும். எங்கே தேயும் என்று நீங்களே சொல்லுங்கள்.