நாலாவது கேமரா

பெட்டியைத் திறந்ததும் கரப்பான் முட்டைகளும் பல்லிப் புழுக்கையும் மேசைமேல் கொட்டின. அஸ்பியா மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தாள். கெட்டுப்போன டிஸ்கிலிருந்து தகவலை மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த அவள் கடைக்கு வரும் பொருள் எதுவும் சுத்தமாக வந்ததில்லை. ஆனால் கேமராப் படங்களைப் பதிந்து வைக்கும் இந்தப் பெட்டி உப்புக் காற்றில் ஊறி, துருவும் பிசுக்குமாய், தொட்ட விரலை விடாமல் ஒட்டியது.

"ராமேஸ்வரத்துல நம்ம லாட்ஜு, தங்கச்சி" என்றார் பூமிநாதன். நெற்றி நிறைய விபூதி. "கேமரா மாட்டிக் குடுத்த கம்பெனிக்காரன் கடையச் சாத்திட்டுப் போயிட்டான். பெட்டி படுத்துருச்சு. படம் உள்ளதான் கெடக்கு, எதுலயும் ஓட மாட்டேங்குது."

"என்ன படம்ணே வேணும்?"

"இந்தா நிக்கிறாளே, இவ களவாண்டது."

அவருக்குப் பின்னால் நின்றவள் சோணையம்மாள். லாட்ஜைக் கூட்டித் துடைப்பவள். "நல்லாப் பாரு தாயி. பாத்துச் சொல்லட்டும்னுதேன் நானும் பஸ்ஸேறி வாரேன்" என்றாள்.

"வாயப் பாத்தியா!"

தீர்த்தமாடிவிட்டு வரும் பெண்கள் ஈரத்துணியோடு சாமி பார்க்க முடியாது. ரூம் எடுக்காதவர்கள் உடை மாற்றிக்கொள்ள லாட்ஜில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார் பூமிநாதன். அங்கே ஒரு வெளியூர்ப் பெண்ணின் சங்கிலி காணாமல் போய்விட்டது. அவளுக்குப் பின்னால் அறைக்குள் போனது சோணையம்மாள் மட்டும்தானாம். அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். தெருவெல்லாம் களவாணிப் பட்டமும் கட்டிவிட்டார்.

"ரூமுக்குள்ள கேமரா இல்லைல்ல?"

"சேச்சே! சாமி கும்புட வர்ற எடம். வாசல், கவுண்டரு, வராந்தா. மூணே மூணுதான்."

டிஸ்கில் கிடந்த ஃபைல்கள் எந்த வகையென்றே தெரியவில்லை. அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரை எங்கோ தேடிப்பிடித்துப் போட்டாள். அது கம்பெனியின் சர்வரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றது. அனுமதி கொடுக்க அங்கே யாருமில்லை. கடைசியில் ஃபைலை அப்படியே பிளந்து பார்த்தாள். திரை நிறைய எண்களும் எழுத்துகளும். வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில், ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வருவது கண்ணில் பட்டது. சரக்கு சாதாரண வீடியோதான். ஒவ்வொரு துண்டையும் தனித்தனி மூட்டையாகக் கட்டி, எந்தக் கேமரா என்று கட்டின்மேல் ஓர் எண்ணைப் போட்டிருந்தான் கம்பெனிக்காரன். கட்டுகளை அவிழ்க்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓடவிட்டாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தன. நாலும் வந்தது.

கம்பெனியின் சாஃப்ட்வேராக இருந்தால் பாஸ்வேர்டு போட்டு மறைத்ததைக் காட்டியிருக்காது. அவள் புரோகிராமுக்கு மறைப்பது தெரியாது. உள்ளே கிடந்ததையெல்லாம் வாரி வெளியே போட்டது.

திரையில் பூ டைல்ஸ் ஒட்டிய சுவர். வரிசையாக ஆணிகள். ஈரச் சேலையோடு ஒரு பெண் வந்து, பின்னால் தலைதுவட்டிக்கொண்டே வந்த மகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

அஸ்பியா லேப்டாப்பை அறைந்து மூடினாள். பின்பக்கம் ஓடிக் குழாயடியில் வாந்தியெடுத்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்; போதாமல் மறுபடி கழுவினாள். அந்தப் பிசுக்கு போகவில்லை.

திரும்பி வந்து, நாலாவதின் தொடக்கத்துக்குப் போனாள். முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு முகம். உதட்டைக் குவித்து, தலையைச் சாய்த்து, சுவரில் படம் மாட்டுகிறவனின் சிரத்தையோடு கோணத்தைச் சரிபார்த்தான் பூமிநாதன். அன்றைக்கும் நெற்றியில் விபூதி இருந்தது.

மறுநாள் காலை சோணையம்மாளை வரவழைத்துச் சொன்னாள். சொல்லும்போது அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வராந்தாப் படத்தில் சோணையம்மாள் துடைப்பத்தோடு உள்ளே போவதும் வருவதும் மட்டும்தான். பார்ப்பவர்கள் எல்லோரும் அவள்தான் திருடி என்பார்கள். நாலாவதில் வேறு கதை இருந்தது. சங்கிலிக்காரி குளிக்கப் போகுமுன் சங்கிலியைக் கழற்றிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். திரும்பி வந்து உடை மாற்றியதும், முடிச்சை அவிழ்க்காமலே ஈரச் சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

சோணையம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. "குளிச்ச துணியக் கடல்லயே விட்டுறணும்னு போட்டுட்டுப் போறதுதான தாயி! அடி கூறுகெட்டவளே, பாவத்தோட சேத்துச் சங்கிலியையும்ல விட்டுருக்கா!" விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. "நானும் அங்கனதான தெனமும் சேலை மாத்துவேன்."

அஸ்பியா ஆமெனத் தலையை அசைத்தாள்.

"இருக்கேனா?"

"இருக்கீங்கக்கா. நான் பாக்கல. நீங்கன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டேன்." லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் அழிச்சிரட்டுமா?"

"அழிச்சா நான் களவாணி. காட்டுனா என் ஒடம்ப நாலு பேரு பாக்கணும்." சோணையம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. பூமிநாதன்தான். அஸ்பியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, வராந்தா மட்டும் போதும். மத்ததெல்லாம் நோண்டிக்கிட்டு இருக்காத. அந்த இன்னொன்னு ஓடாத கேமரா."

"எந்த இன்னொன்னுண்ணே? மூணுதான்னு சொன்னீங்க?"

"இந்தா, இப்பவே வாரேன்" என்று வைத்தான்.

சோணையம்மாள் எழுந்தாள். "அவன் கைக்குப் போச்சுன்னா இன்னொரு ரூமுல மாட்டுவான். கெளம்பு தாயி. பொம்பளப் போலீசு எங்கன இருக்கு?"

ஸ்டேஷனில் பெண் இன்ஸ்பெக்டர் விவரத்தைக் கேட்டு முடித்ததும், ஆண்கள் எல்லோரையும் வெளியே அனுப்பினார். டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதத் தொறக்க ஒன்னையத் தவிர வேற ஆளு இருக்கா?"

"அந்தக் கம்பெனியே இல்ல மேடம்."

"அப்ப நீதாம்மா போட்டுக் காட்டணும். இன்னைக்கி எனக்கு. நாளைக்கிக் கோர்ட்டுல. எத்தன தடவ கேட்டாலும்."

அஸ்பியா எண்ணிப் பார்த்தாள். யாரென்று தெரியாத பெண்கள், அவர்கள் மகள்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சோணையம்மாள். எத்தனை தடவை! லேப்டாப்பைத் திறந்தாள்.

"மொதல்ல அவன் மூஞ்சியப் போடு" என்றாள் சோணையம்மாள்.

உதடு குவிந்த அந்த முகம் திரையில் வந்து நின்றது. சோணையம்மாள் இமைக்காமல் பார்த்தாள். எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பினாள். வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ம். இப்ப மத்ததப் போடு."