தியேட்டர் வந்ததும் இறங்குங்கள்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் வாய். சமூக அக்கறை, மொழிப்பற்று என்றெல்லாம் விழா மேடையில் சொல்வதுண்டு. இங்கே யாரும் மாலை போடப் போவதில்லை என்பதால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, ஈப்போ மேடான் கிட் பஸ் நிலையத்தில், ஓர் அம்மாவுக்குத் தப்பாக வழி சொன்னேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஈப்போவைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவன் வாயில் அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வராது.

நான் அங்கே பஸ் ஏறப் போகவில்லை. பஸ்களைப் படம் எடுக்கப் போயிருந்தேன். 'நகரின் நாடித்துடிப்பு' என்று ஒரு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். ஈப்போவில் நான் கடைசியாக டவுன் பஸ் ஏறியது பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்தபோது.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பச்சைப் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. காலில் மட்டும் தேய்ந்துபோன ரப்பர் சிலிப்பர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

“தம்பி, மணிக்கூண்டு வச்ச மாதா கோயிலுக்கு எந்த பஸ்ஸுலா போவுது?”

“அங்க என்னக்கா விசேஷம்?”

“மவன் கல்யாணம். பதினொரு மணிக்கு.”

அப்போது மணி பத்து ஐந்து.

“வீட்டு ஆளுங்க எங்க?”

“எல்லாம் காலையிலேயே வேன்ல போயிருச்சுங்க. நான் வரமாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“இப்ப?”

“இப்ப வாரேன்.”

பையைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார். உள்ளே புதுச் செருப்பு, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் ஒட்டுப் போட்டது.

2

முதல் தொடக்கம்: 'சுண்ணாம்பு மலைகளின் தோளில் கதிரவன் தன் பொற்கரங்களை—'

வேண்டாம். காலை பத்து மணிக்குக் கதிரவன் கரம் வைப்பதில்லை, அறைகிறான்.

இரண்டாவது: 'பால்மரக் காட்டில் வியர்வை சிந்திய பரம்பரையின் கடைசி—'

இதுவும் வேண்டாம். ரப்பர் தோட்டத்தை வெட்டி முப்பது வருடமாகிறது. அந்த அம்மா கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறார். (இது நான் வைத்தது. வேறு வேலையாகவும் இருக்கலாம்.) தவிர, இந்த வாக்கியத்தை வைத்து ஏற்கெனவே இரண்டு போட்டியில் பரிசு வாங்கிவிட்டேன். மூன்றாவது முறை நடுவர்கள் விழித்துக்கொள்வார்கள்.

பெயரும் கேட்டு வைக்கவில்லை. முத்தம்மா என்று எழுதிப் பார்த்தேன், கதைக்குள் வந்ததுமே கஷ்டப்பட ஆரம்பித்துவிட்டார். கருப்பம்மாள், அதைவிட மோசம். கடைசியில் குமுதா என்று வைத்தேன். குமுதா கஷ்டப்படவில்லை, கோபப்பட்டாள். (நேரில் 'அவர்', கதையில் 'அவள்'. எழுத்தாளனுக்கு மரியாதை தெரியாது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.)

மூன்றாவது தொடக்கம்: 'குமுதா செருப்பு வாங்கி இரண்டு மாதமாகிறது.'

இது இருக்கட்டும்.

3

குமுதா செருப்பு வாங்கி இரண்டு மாதமாகிறது. அதற்கு முதல் நாள்தான், செமோரைத் தாண்டி, தோட்டமாக இருந்து, வரிசை வீடுகள் கட்டித் தாமானாக மாறிவிட்ட இடத்தில், தன் வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் பதினொரு பேர் முன்னால் சத்தம் போட்டிருந்தாள்.

“கல்லுமலைக்கு மூணு வருசம் பால்குடம் எடுத்தேன்டா ஒனக்கு. நீ மாதா கோயில்ல போயி தாலி கட்டுவியா? அந்தப் படிய நான் மிதிக்க மாட்டேன்.”

“முருகன் கோச்சுக்க மாட்டாரும்மா. நீதான் கோச்சுக்குற” என்றான் சுரேன். ஒரே மகன். லாரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை.

பெண்ணைப் பற்றிக் குமுதாவுக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் தொந்தரவு. பிரமிளா மேரி இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டவள். குறை சொல்ல இடம் கொடுக்காத பெண்ணை எப்படித்தான் வேண்டாம் என்பது? அதனால் படியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது செமோர் கடையில் செருப்பு வாங்கினாள். மாதா கோயிலுக்குள் யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள் என்று தொழிற்சாலையில் ஒருத்தி சொல்லியிருந்தாள். செருப்புக் காலோடு சாமி முன்னால் நிற்பதென்றால் அது நல்ல செருப்பாகவாவது இருக்க வேண்டும். அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, அன்று இரவும் வரமாட்டேன் என்று சத்தம் போட்டாள்.

அவள் காத்திருந்தது இன்னொரு அழைப்புக்கு. நம்மவர்கள் வீட்டில் ஒருமுறை கூப்பிட்டவுடன் யார் எழுந்து வருகிறார்கள்? சாப்பிடக் கூப்பிட்டாலே மூன்றாவது தடவைதான் உட்காருவோம். முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது கௌரவத்துக்கு. கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கு வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. சுரேன் கோட்டு சூட்டோடு வந்து கதவருகே நின்றான்.

“வாரியாம்மா?”

“நீ போ.”

“கண்டிப்பா வரமாட்டியா?”

“போடான்னு சொல்றேன்ல.”

இரண்டு தடவை கேட்டுவிட்டான். குமுதா மூன்றாவதற்காக நின்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் வேனில் ஏறிவிட்டான். வேன் முனை திரும்பியதும் அவள் ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தாள்.

4

நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. போனில் கிராப் வாடகைக் கார் பிடித்திருக்கலாமே?

அவளிடம் இருந்தது சின்ன பட்டன் போன். மகனைக் கூப்பிடலாம்தான். கூப்பிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவனே யார் காரையாவது எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். மாப்பிள்ளை கோயிலை விட்டு ஓடிவந்துவிட்டான் என்று சம்பந்தி வீட்டார் ஆயுசுக்கும் பேசுவார்கள். வரவும் வேண்டும், வந்ததற்காக அவன் அசையவும் கூடாது. அதனால் பஸ்.

அது அவள் கதை. என் கதை வேறு. என் கையில் ஸ்மார்ட்போன் இருந்தது. அதில் கிராப் இருந்தது. இரண்டு நிமிடத்தில் ஒரு காரைக் கூப்பிட்டு அந்த அம்மாவை ஏற்றி அனுப்பியிருக்கலாம், ஏழு நிமிடத்தில் மாதா கோயில் வாசலில் இறங்கியிருப்பார். எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு பெண் என்னிடம் ஈப்போவில் வழி கேட்டுவிட்டார் என்ற பெருமையில், அந்தப் போனால் பஸ்ஸைப் படம் எடுத்துக்கொண்டே வழி சொன்னேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சொன்னது இதுதான்: “மூணாவது தடத்துல நிக்கிற பஸ்ஸுல ஏறுங்கக்கா. மாதா கோயில்னு கேக்காதீங்க, இந்த ஊர்ல நாலஞ்சு மாதா கோயில் இருக்கு, டிரைவர் கொழம்பிருவான். தியேட்டர்னு கேளுங்க. தியேட்டர் வந்ததும் எறங்குங்க. எதிர்லதான் கோயிலு.”

அந்தத் தியேட்டரை இடித்துப் பதினெட்டு வருடமாகிறது. எனக்கும் தெரியும். ஆனால் ஈப்போக்காரன் வழி சொல்வது அப்படித்தான். இல்லாத தியேட்டருக்கு எதிரே, மூடிய பேங்குக்குப் பக்கத்தில், வெட்டிய மரத்தடியில். 'இருந்த' என்ற சொல்லைச் சேர்ப்பதே கிடையாது. உள்ளூர்க்காரனுக்குப் புரியும். செமோரிலிருந்து வருகிற குமுதா, ஒரு கட்டடத்தைத் தேடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

5

குமுதா பஸ்ஸில் ஏறி—

குமுதா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து—

மூன்று வாரம் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். அவளை ஏற்ற முடிகிறது, இறக்க முடியவில்லை. கடைசியில் போன சனிக்கிழமை, அதே மூன்றாவது தடத்தில் பத்து இருபதுக்குக் கிளம்பும் பஸ்ஸில் நானே ஏறினேன். அப்போதுதான் தெரிந்தது, பஸ் பாதையையே எப்போதோ மாற்றிவிட்டார்கள். தியேட்டர் இருந்த பக்கமே அது போவதில்லை.

ஓட்டுநர் கிளந்தானிலிருந்து புதிதாக வந்த பையன். “பங், வாயாங் மானா?” என்று கேட்டேன், அண்ணே தியேட்டர் எங்கே என்று. படம் காட்டுகிற இடத்துக்குத் தோட்டத்து மலாயில் வாயாங் என்றுதான் பெயர். குமுதாவும் இப்படித்தான் கேட்டிருப்பாள். வந்ததும் சொல்கிறேன் என்று தலையாட்டினான். நல்ல பையன், சொன்னபடியே செய்தான். பத்து முப்பத்தாறுக்குப் புது ஷாப்பிங் மால் வாசலில் நிறுத்தி, மேல்மாடியைக் காட்டினான். எட்டுத் திரை உள்ள சினிமா.

அவன்மேல் என்ன தப்பு? தியேட்டர் கேட்டோம், தியேட்டரில் இறக்கிவிட்டான்.

6

குமுதா மால் வாசலில் நின்றாள். கல்யாணச் சேலையில் ஒருத்தி தனியாக நிற்பதை, பாப்கார்ன் வாளியோடு போன பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே மாதா கோயில் இல்லை. எதிரே கார் நிறுத்துமிடம். அவள் கண்கள் கலங்கி—

“நான் அழுதத நீ பாத்தியா தம்பி?” என்று தாளுக்குள்ளிருந்து கேட்டாள் குமுதா.

பார்க்கவில்லை.

“அப்ப ஏன்லா எழுதுற? பதினொரு மணிக்குக் கல்யாணம். அழுவ எனக்கு எங்க நேரம்?”

சரி, அடித்துவிட்டேன். குமுதா அழவில்லை. மால் காவலாளியிடம் போய், பேச்சு எதுவும் இல்லாமல், தலைக்குமேல் இரண்டு கையையும் கூம்பாகக் குவித்து, பிறகு நெற்றியிலும் தோளிலும் சிலுவை போட்டுக் காட்டினாள். வாழ்க்கையில் முதன்முறையாகச் சிலுவை போட்டது வழி கேட்கத்தான். காவலாளி கட்டடங்களுக்கு நடுவே கையை நீட்டினான். தூரத்தில் மணிக்கூண்டின் உச்சி மட்டும் தெரிந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள்.

நானும் அதே வழியில் நடந்து பார்த்தேன். இருபத்து நாலு நிமிடம். எனக்குத் தொந்தி, அவளுக்குப் பட்டுச்சேலை. ஆனால் அவள் ஒருநாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்று பெட்டி கட்டுகிறவள். (நான் வைத்த வேலைதான். இப்போது எனக்கு உதவுகிறது.) பத்து முப்பத்தாறோடு இருபத்து நாலைக் கூட்டினால் சரியாகப் பதினொன்று. இடையில் இரண்டு சிவப்பு விளக்கு.

7

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. பாதிரியார் வாய் திறக்கும் நேரத்தில் கதவு திறக்கிறது, வெளிச்சத்தில் தாய் நிற்கிறாள், மகன் 'அம்மா' என்று—

“இது படம்லா” என்றாள் குமுதா.

கல்யாணம் முடிந்து எல்லாரும் போனபின் வெறும் பெஞ்சில் உட்கார்ந்து மாதாவோடு பேசுகிறாள். இதை எழுதினால் பரிசு கிடைக்கும்.

“ஒனக்கு பரிசு. எனக்கு என்னா கெடைக்கும்?”

திரும்ப பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறாள். குமுதா வாய் திறக்கும் முன் நானே அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

8

நடந்து போய்ச் சேர்ந்த அன்று, மாதா கோயிலுக்கு எதிரே, தியேட்டர் இருந்த இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. முதலாளி லியாகத் அலி. நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரேக் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

“அண்ணே, மூணு வாரத்துக்கு முன்னால சனிக்கெழம, எதிர்ல ஒரு கல்யாணம் நடந்துச்சே...”

“வாராவாரம் நடக்குதுலா. எந்தக் கல்யாணம்?”

“ஒரு அம்மா தனியா வந்திருப்பாங்க. பச்சைப் பட்டு. கையில பிளாஸ்டிக் பை.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே தேய்ந்த ரப்பர் சிலிப்பர் ஒரு ஜோடி.

குமுதாவை நான் உண்டாக்கினேன். இந்தச் சிலிப்பரை நான் உண்டாக்கவில்லை.

“நீங்க சொந்தமா?” என்றார்.

“இல்லண்ணே. வழி சொன்னவன்.”

“நீதானா அது?” என்றவர், பெரிய மனதோடு திட்டாமல் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். “இந்த நாக்காலிலதான் ஒக்காந்து செருப்ப மாத்துனாங்க. தண்ணி குடிங்கம்மான்னேன், வேணாம்னுட்டாங்க. இன்னொரு தடவ கேட்டேன், அப்பவும் வேணாம். மூணாவதா கேட்டேன், ஒரே மடக்குல குடிச்சாங்க. திரும்பி வாரப்ப எடுத்துக்குறேன்னு இத குடுத்தாங்க. இன்னும் வரல. ரோட்ட தாண்டுறதுக்கு முன்னாடி மணி என்னான்னு கேட்டாங்க. நானும் செவுத்துக் கடிகாரத்த பாத்து—”

“போதும்ணே” என்றேன்.

“மணி கேளுலா.”

“வேணாம்ணே.”

தே தாரேக்கைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அவர் சொல்லவிருந்தது ஒரே ஓர் எண். அதைக் கேட்டால் நான் வெறும் வாயாடியா, இல்லை ஒரு தாயை மகன் கல்யாணத்துக்குப் போகவிடாமல் செய்தவனா என்று தெரிந்துவிடும். எனக்குத் தைரியம் இல்லை.

9

அதனால் நீங்கள் போங்கள்.

மேடான் கிட்டில் மூன்றாவது தடத்தில் ஏறாதீர்கள். ஐந்தாவது தடம். தியேட்டர் என்று கேட்காதீர்கள். மணிக்கூண்டு மாதா கோயில் என்றே கேளுங்கள், ஓட்டுநர் ஒன்றும் குழம்பமாட்டார். ஆற்றுப் பாலம் தாண்டி இரண்டாவது நிறுத்தம். ஒரு பல் டாக்டரும் ஒரு போன் கடையும் இருக்கும். இருக்கிறது, நேற்றும் போய்ப் பார்த்தேன். இறங்கினால் நேர் எதிரே மாதா கோயில், இந்தப் பக்கம் லியாகத் அலி கடை. மொத்தம் பதினோரு நிமிடம். அன்று இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

சிலிப்பர் கல்லாவுக்குக் கீழே இருக்கிறது. மணி என்ன என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதினொன்றுக்கு முன்னால் என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பின்னால் என்றால்—

இன்னொன்று. அவர் கடைச் சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது, என் போனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அவர் எத்தனை மணி சொன்னாலும் பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.