தாய்மாமன் மடி

மணிவேல் ஜேசிபி ஓட்டுகிறவன். பாறையை அநாயாசமாகப் பெயர்ப்பான், பாம்பு வந்தால் வாலைப் பிடித்துத் தூக்குவான். அப்பேர்ப்பட்டவன் அக்கா மகளின் காதுகுத்து என்றதும் தப்பிக்க வழி தேடினான்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். அக்காவின் மூத்த மகளுக்குச் செந்துறையில் குத்தியபோது, வண்டி ரிப்பேர் என்று போனில் சொல்லிவிட்டான். சீர்வரிசை வந்து இறங்கியது, ஆள் வரவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தார்கள். புகுந்த வீட்டார் முன்னால் அக்கா ஹேமலதா தலை குனிந்து நின்றாள். அதற்கப்புறம் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது இளையவள் நந்தினிக்குச் செட்டிகுளம் மலைக்கோயிலில் காதுகுத்து. இந்தத் தடவையும் வராவிட்டால் தம்பி என்று ஒருவன் இருப்பதையே மறந்துவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

வந்துவிட்டான். புது வேட்டி, முறுக்கிய மீசை, எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நந்தினி அவன் மடியில் ஏறி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். மணிவேல் கம்பியையும் குழந்தையின் காதையும் மாறி மாறிப் பார்த்தான். ஓனர் போன் பண்ணுகிறார் என்று முனகியபடி குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தான்.

ஹேமலதாவின் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்த பிறகு அவனுக்குக் கால் நகரவில்லை.

“அக்கா, போனும் வரல ஒண்ணும் வரல. அன்னைக்கும் வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. செந்துறை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். புள்ள அழுவறத என்னால பாக்க முடியாதுக்கா. பயமா இருக்கு.”

சொந்தபந்தம் சிரித்து ஓய நேரமானது. மீசை வைத்தால் மட்டும் போதுமா என்று அக்கா புருஷன் கிண்டலடித்தார். ஹேமலதா சிரிக்கவில்லை. தம்பி தன்னை மதிக்கவில்லை என்றல்லவா இத்தனை நாளும் மருகிக்கொண்டிருந்தாள்.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பக்கத்துல உக்காந்திருப்பேனேடா” என்றாள். அவனை உட்கார வைத்து, தானும் ஒட்டி உட்கார்ந்தாள்.

முதல் காது குத்தியதும் நந்தினி வீறிட்டாள். மணிவேல் அதைவிடப் பெரிதாகக் குலுங்கிக் குலுங்கி அழுதான். குழந்தை தன் அழுகையை நிறுத்திவிட்டு மாமனை வேடிக்கை பார்த்தது. இன்னொரு காதுக்கு நான் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். மணிவேல் நந்தினியை இறுக்கிச் சேர்த்துக்கொண்டான்.

“அழுதுகிட்டேதான் உக்காந்திருப்பேன். ஆனா மடி எம் மடிதான். நீங்க குத்துங்க ஆசாரி.”