ரத்தத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம்

மலேசியாவின் சுபாங் ஜெயாவில் உள்ள கேம் ஸ்டூடியோ ஒன்றில் ரத்தம் வரைவதுதான் லோகேஸ்வரியின் வேலை. தெறிப்பு, வழிசல், உறைந்த கறை எல்லாவற்றையும் பின்னணியே இல்லாத பிஎன்ஜி படங்களாகக் கொடுத்திருந்தாள். ஃபைல் கனமாக இருக்கிறதென்று முதலாளி ரபேல், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அத்தனையையும் ஜேபெக்காக மாற்றித் தொலைத்தான். ஜேபெக்கில் வெற்றிடம் நிற்காது, வெள்ளையாகிவிடும்.

முதலீட்டாளர்கள் முன்னால் கேமை ஓட்டினார்கள். வீரன் வெட்டிய இடத்திலெல்லாம் எதிரியின் மார்பில் குளியலறை ஓடு பதித்ததுபோல் ஒரு வெள்ளைக் கட்டம், அதன் நடுவில் கொஞ்சம் சிவப்பு. வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ரபேல் கதவைச் சாத்தினான்.

"என் மூஞ்சியில கரியப் பூசிட்டல்ல," என்று அவள் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான்.

"மாத்துனது நீங்க லா, பாஸ்."

மறுபடியும் மோதினான். உதடு கிழிந்தது. அவள் கையில் அகப்பட்டது படம் வரையும் டேப்லெட். அதன் விளிம்பாலேயே அவன் மூக்கில் ஓங்கி அடித்தாள். எலும்பு நொறுங்கியது. அவனுடைய நீலச் சட்டையில் ரத்தம் கொட்டிப் பரவியது.

லோகேஸ்வரி குனிந்து அதன் ஓரங்களை உற்றுப் பார்த்தாள். சுற்றிலும் வெள்ளை இல்லை.

"நான் கொடுத்தது இப்படித்தான் இருந்துச்சு, பாஸ்," என்றாள்.