கேட்பதற்கு ஓர் ஆள்

எங்கள் சபையில் மொத்தம் நாற்பத்து நான்கு பேர். அதில் பாடகர் குழுவில் இருப்பவர்கள் நாற்பத்து மூன்று பேர். மிச்சமிருக்கும் அந்த ஒருத்தி என் அக்கா.

இதற்கெல்லாம் நான்தான் காரணம். வாரநாட்களில் கடை வைத்து ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவின் தலைவன். எட்டு வருடங்களுக்கு முன்னால், சுருதி சேரவில்லை என்று அக்காவைக் குழுவிலிருந்து நீக்கினேன். சேரவில்லை என்பது மரியாதைக்குச் சொல்வது. பல்லவியை ஓர் ஊரில் ஆரம்பித்து, சரணத்தை அடுத்த ஊரில் முடிப்பாள். முகத்துக்கு நேரே சொல்லப் பயந்து, அத்தானிடம் சொல்லியனுப்பினேன்.

அன்றிலிருந்து அக்கா என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் அத்தான் வழியாகத்தான் வரும். அவள் வீட்டில் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருப்போம். "அவனை அந்தத் தண்ணி ஜக்கைத் தள்ளச் சொல்லுங்க" என்பாள். அத்தான் என் பக்கம் திரும்பி, "மாப்ளே, ஜக்கைத் தள்ளணுமாம்" என்பார். பாவம், லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் மேலும் கீழும், சாயங்காலமெல்லாம் இங்கும் அங்கும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிப் பேசி, அவர் எதிரே வைத்த டீ என்றைக்கும் ஆறித்தான் போகும்.

கூடப்பிறந்தவளையே துரத்தியவன் என்று பெயர் வாங்கிய பிறகு, குழுவில் சேர வந்த யாரையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாளம் தெரியாத தையல்காரரைச் சேர்த்தேன். எல்லாப் பாட்டையும் தாலாட்டாக்கிவிடும் பல் டாக்டரம்மாவைச் சேர்த்தேன். பஸ் டிரைவரைச் சேர்த்தேன், ஒரு கைக்குழந்தையை அதன் அம்மா இடுப்போடு சேர்த்தேன். கடைசியில் போதகரே வந்து பின்வரிசையில் நின்றுகொண்டார். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஊரையே சேர்த்துக்கொண்ட எனக்கு, சேர்க்க வேண்டிய ஆளைக் கூப்பிடத்தான் துணிச்சல் வரவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்காவது அக்கா என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்று ஏங்கினேன். திட்டினாலும் சரி.

டிசம்பர் மூன்றாம் சனிக்கிழமை காலை, கேரல் பாட வீடு வீடாகக் கிளம்பினோம். நாற்பத்து மூன்று பேர், ஒரு பஸ், இரண்டு கிடார், ஒரு மத்தளம். முதல் வீடு தையல்காரருடையது. மணியை அழுத்தினோம். யாரும் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? தையல்காரரும் அவர் மனைவியும் மூன்று மகள்களும் எங்களோடுதான் வாசலில் நிற்கிறார்கள்.

"வீட்டுல யாரும் இல்ல போலிருக்கே" என்றார் தையல்காரர், உண்மையான கவலையோடு.

அவர் மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தபிறகு அவருக்கு விஷயம் விளங்கியது. சாவியை எடுத்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உடனே திறந்தார். "அடடே! வாங்க வாங்க, என்ன திடீர்னு?" என்றார். நாங்கள் பாடினோம். அவர் தனியாகப் பாட வேண்டிய வரி வந்ததும் வெளியே ஓடிவந்து பாடிவிட்டு, மறுபடி உள்ளே ஓடிப்போய் நின்று ரசித்தார்.

போதகருக்கு மனசு கேட்கவில்லை. "கேக்க ஆள் இல்லாமப் பாடினா அது கேரல் இல்லப்பா, ஒத்திகை. ஒத்திகைக்கு எதுக்கு பஸ்ஸு? யாராவது ஒருத்தர் இன்னைக்கு மட்டும் பாடாம கேளுங்களேன்."

ஒருவரும் சம்மதிக்கவில்லை. பாடத் தெரியாதவர்கள்தான் முதலில் தலையை ஆட்டி மறுத்தார்கள். பிறகு எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நான் வழக்கம்போல அத்தான் பக்கம் திரும்பினேன்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பஸ் அவள் வீட்டு முன்னால் போய் நின்றபோது, வாசற்படியில் நின்றபடியே அத்தான் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு நிபந்தனைகளைச் சொன்னாள்.

"பஸ்ல முன்சீட்டு எனக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் கைவச்ச நாற்காலி. கேக்குல முதல் துண்டு. அப்புறம், கண்ணை மூடிக்கிட்டு கையை ஆட்டுறானே, அதை நிறுத்தச் சொல்லுங்க. பாக்கச் சகிக்கல."

"மாப்ளே, கண்ணைத் திறந்து வச்சுக்கணுமாம்" என்றார் அத்தான்.

அடுத்தது பல் டாக்டரம்மா வீடு. சாவியை வாங்கி அக்கா முதலில் உள்ளே போனாள். மணியை அழுத்தினோம். கதவைத் திறந்தவள், "வாங்க, செருப்பையெல்லாம் ஓரமா விடுங்க" என்று பல் டாக்டரம்மாவைப் பார்த்தே சொன்னாள். அந்த அம்மா தன் வீட்டு வாசலில் பவ்யமாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

நாங்கள் பாட ஆரம்பித்தோம். இருபது வருடமாக மாணவனுக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கோடு உட்கார்ந்து வருகிறவள் அக்கா. யாராவது சுருதி தவறினால் போதும், அவள் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். நாற்பத்து மூன்று பேரும் சடக்கென்று நின்றுவிடுவோம். ஒரு பாட்டில் பதினோரு தடவை நின்றோம். ஒரு தடவைகூட அவள் தப்பாக மிதிக்கவில்லை என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அடுத்தவன் முதுகில் இருக்கும் மச்சம்கூட அவளுக்குத் தெரிந்தது.

போகப்போகப் பதவி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நான்காவது வீட்டில் சோபாவை ஜன்னலோரம் நகர்த்தி வைத்திருந்தாள். ஆறாவது வீட்டில் ஃபிரிட்ஜ் மேலே விரலால் தடவி, தூசியைச் சொந்தக்காரரிடமே காட்டினாள். ஏழாவது வீட்டில் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"இப்பத்தான் ஒரு குரூப் வந்து பாடிட்டுப் போச்சே?"

"அது நாங்கதாம்மா!" என்றார் போதகர். "அது போன வீட்டுல!"

"அப்ப கேக்கு தீர்ந்துபோச்சு" என்று சொல்லி, வாயைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டாள்.

பஸ்ஸுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. டிரைவர் வீட்டில் அக்கா மூன்று தடவை தலையாட்டினாள், எங்கள் வீட்டில் ஒரு தடவைகூட ஆட்டவில்லை என்று தையல்காரர் மனைவி கண்ணைக் கசக்கினாள். அவர்கள் வீட்டுக்கு அக்கா வரவேயில்லை என்று சொல்லிப் புரியவைக்க இரண்டு தெரு ஆயிற்று.

கடைசி வீடு என்னுடையது. எட்டு வருடமாக அக்கா மிதிக்காத வாசல். சாவியை அத்தானிடம் கொடுத்தேன், அத்தான் அவளிடம் கொடுத்தார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் திறக்கவில்லை. மணியை இன்னொரு தடவை அழுத்தினேன்.

கதவு திறந்தது. "வாங்க" என்றாள், எல்லோருக்கும் பொதுவாக. கைவைத்த நாற்காலியில் அவள் உட்காரவில்லை. "எல்லாரும் உக்காருங்க."

சோபாவில், மாடிப்படியில், வாஷிங் மெஷின் மேலே என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம். கைவைத்த நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"நான் பாடப்போறேன்னு அவன்கிட்ட சொல்லுங்க."

"மாப்ளே, பாடப்போறாளாம்" என்றார் அத்தான்.

மேய்ப்பர்கள் வரும் பாட்டு அது, ஐந்து சரணம். முதல் சரணத்தில் மேய்ப்பர்கள் வழி தவறினார்கள். மூன்றாவதில் ஆடுகளும் தவறின. மத்தளக்காரர் மத்தளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். என் வலது கால் தானாக எழும்பியது. இடது காலால் அதை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். நெற்றி நரம்பு புடைக்க, ஒரு வார்த்தை விடாமல், மனதாரப் பாடினாள். எவ்வளவு ஆசையைக் குழுவிலிருந்து நீக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை வந்தது, மறைக்கவில்லை.

பாட்டு முடிந்தது. அக்கா நேராக என்னைப் பார்த்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

அறை முழுக்க நாற்பத்திரண்டு பேர், நல்லா இருந்துச்சுன்னு சொல்லித் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார்கள். நான் அத்தான் பக்கம் திரும்பப் போனேன். கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

"ரொம்ப மோசம்க்கா" என்றேன்.

போதகர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இதை அன்னைக்கே எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

அத்தான் பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, அன்னைக்கே நேரா சொல்லியிருக்கலா..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா. "நான் என் தம்பிகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

அத்தான் போய் மாடிப்படியில் உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த டீயைச் சூடாகவே குடித்தார்.